நடக்காத கல்யாணத்தின் களைப்பு

உப்புச் சர்க்கரை மாற்றி எனக்குக் கல்யாணத்தை உறுதி செய்த வாரம், ஜாக்கெட் டிசைன் பார்க்கலாம் என்று போனைத் திறந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. நாலைந்து ஜாக்கெட் வீடியோவுக்குப் பிறகு, மாமியார் கொடுமையைச் சொல்லி ஒரு பெண் அழுதாள். பாவமே என்று கடைசி வரை பார்த்தேன். அந்தப் பாழாய்ப்போன போன் அதைப் பிடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து ஜாக்கெட்டே வரவில்லை. அடி வாங்கியவள், ஏமாந்தவள், 'இந்த அறிகுறி தெரிந்தால் ஓடிவிடு' என்று விரலை ஆட்டுகிறவள் என்று வரிசையாக வந்தார்கள்.

வேலை முடிந்து துடியலூர் பஸ்ஸில் வரும்போது பார்ப்பேன். இறங்கும்போது நெஞ்சு கனத்துக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து எனக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையிடமிருந்து 'சாப்டீங்களா?' என்று மெசேஜ் வரும். பெருந்துறையில் ஒரு மில்லில் சூப்பர்வைசர் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மனுஷன் செய்த குற்றம், நான் சாப்பிட்டேனா என்று கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து டீயும் பப்ஸும் சொன்னோம். மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"உங்கம்மாவுக்கும் எனக்கும் சண்டை வந்தா நீங்க யாரு பக்கமுங்க?"

"நான் நியாயத்தோட பக்கமுங்க," என்றார், யோசிக்காமல்.

ஐயோ! இப்படிச் சொல்கிறவனை நம்பாதே என்று வீடியோவில் சொன்ன அதே பதில். என் முகம் சுண்டிப்போனது. அதற்குள் அவர், "கல்யாணத்துக்கப்பறம் அடிக்கடி உங்கம்மா ஊட்டுக்குப் போவீங்களா?" என்று கேட்டார். கேட்ட விதமே ஒப்பிப்பது போல் இருந்தது.

"இதை எந்த வீடியோவுல பாத்தீங்க?" என்றேன்.

அவர் காது சிவந்துவிட்டது. "நீங்க எதுலீங்க பாத்தீங்க?" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போனை மாற்றிக்கொண்டோம். அவருடையதில் முழுக்க ஆண்கள். பொய்க் கேஸில் மாட்டியவர்கள், பெற்ற பிள்ளையைப் பார்க்க முடியாதவர்கள். அவர்களும் அழுதார்கள். பொய்யாகத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவர் என் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார்.

"இத்தனை நாளா என்னைய நெனச்சுத்தான் இதையெல்லாம் பாத்தீங்களா அம்மணி?"

"நீங்க மட்டும்?" என்றேன்.

அங்கேயே இரண்டு போனிலிருந்தும் அந்த வீடியோ ஆப்பை அழித்துப்போட்டோம். ஒரு மண்ணும் மாறவில்லை. அவர் பேசும் ஒவ்வொரு வார்த்தையிலும் நான் குற்றம் தேடினேன். நான் கொஞ்சம் பேசாமல் இருந்தால், "கோவமாங்க?" என்பார். அதில் அக்கறையைவிடப் பயம்தான் இருந்தது. எங்களுக்குள் பேச்சு குறைந்துபோன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் அந்த ஆப்பை ஏற்றிக்கொண்டேன். அவரும்தான் என்று பின்னால் தெரிந்தது.

ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டார். "உங்க மேல ஒரு கோவமும் இல்லீங்க. ரொம்ப வருசம் குடும்பம் நடத்திச் சலிச்சுப்போன மாதிரி இருக்குதுங்க. என்னால முடியலீங்க," என்றார். எனக்கும் அப்படியேதான் இருந்தது. சரிங்க என்று வைத்துவிட்டேன். அழுதால் தேவலை போல் இருந்தது, வரவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்காக எல்லாவற்றையும் அழுது தீர்த்திருந்தேன்.

அம்மா விடவில்லை. "பையன் என்ன தப்புப் பண்ணுனான், சொல்லு கண்ணு. குடிக்கறானா? வேற புள்ளை இருக்குதா?"

"ஒரு தப்பும் பண்ணலீங்கம்மா."

"அப்பறம் ஏன்டி ரெண்டு பேரும் வேண்டாங்கறீங்க?" என்று அம்மா அழுதாள். என்னவென்று சொல்வது?

போன வாரம் தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்திருக்கிறது. அம்மா ஆசையாய்ப் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். தென்னந்தோப்பில் நின்று சிரிக்கிறான், களையான முகம். அவன் குரல்கூட நான் கேட்டதில்லை. அதற்குள் அவனோடும் சண்டை போட்டு, அழுது, அலுத்து, எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

"புடிச்சிருக்குதா?" என்று அம்மா கேட்டாள்.

"இவனையாவது விட்ருங்கம்மா, பாவம்," என்றேன்.