மழையில்லாமல் ஏறிய தண்ணீர்

புதுப்பட்டிக் கண்மாயில் மடை திறக்கிற வேலை மொக்கைச்சாமிக்கு. கரையில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை அது. கண்மாய்க்குள் நீந்திப் போய், இரண்டு கல்தூண்களுக்கு நடுவே முங்கி, மூன்று ஆள் ஆழத்தில் மடைவாயை அடைத்திருக்கும் கட்டையைப் பிடுங்கவேண்டும். கட்டை விலகியதும் தண்ணீர் ஆளையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அந்த இழுப்புக்குக் காலைக் கொடுக்காமல் மேலே வருகிறவன்தான் மடைக்காரன். ஒருமுறை அவர் முங்கியபோது கரையில் நின்ற தலையாரி வெற்றிலை போட்டு மென்று துப்பிவிட்டு, ராஜபாளையத்துக்கு நடந்து போய் ஒரு வெள்ளை நாய்க்குட்டி வாங்கி வந்தாராம்; நாய் குரைக்கிற சத்தம் கேட்டுத்தான் மொக்கைச்சாமி வெளியே வந்தாராம். நம்ப மனசில்லாதவர்கள் நாய்க்குட்டியை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டால் அது எந்த ஓடையில் வந்தது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்குத் தண்ணீரைக் கண்டு பயம் இருந்தது என்பதை ஊரில் யாரும் நம்பவில்லை. ஆனால் இருந்தது. மகள் முத்துப்பேச்சிக்கு ஆறு வயது நடக்கும்போது, ஓர் ஐப்பசிக் காலையில், வானத்தில் பஞ்சுத்துணுக்கு அளவு மேகம்கூட இல்லாத நேரத்தில், கண்மாய்த் தண்ணீர் மூன்று விரல் ஏறியது. செத்த நேரம் பார்ப்போம் என்று அவர் கரையில் உட்கார்ந்தார். மேலே உள்ள கண்மாய் உடைந்திருக்கிறது என்று ஆள் வந்து சொல்வதற்குள் இந்தக் கரையும் கிழிந்துவிட்டது. கரைக்குக் கீழே புல்லறுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சுடலையம்மாளை மறுநாள்தான் எடுத்தார்கள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம். மழையில்லாமல் தண்ணீர் மூன்று விரல் ஏறினால் யோசிக்காதே, யாரையும் கேட்காதே, மடையைத் திற.

முத்துப்பேச்சி வளர்ந்து, சமுத்திரம் என்ற பையனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவன் ஓடு சுடுகிற கம்பெனியில் வேலை பார்த்த கொல்லத்துக்குப் போனாள். மாப்பிள்ளையின் பெயரிலேயே கடல் இருந்தது மொக்கைச்சாமிக்குப் பிடிக்கவில்லை. நல்ல பையன் என்பதால் வாயை மூடிக்கொண்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு மாசியில் அவளுக்கு எட்டு மாதம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் ஆகவேண்டும். மொக்கைச்சாமியின் அக்காள் ஆவுடையம்மாள், உளுந்தும் கருப்பட்டியும் சுக்கும் ஒரு மூட்டையாகக் கட்டி அவர் தலையில் ஏற்றினாள்.

"ஏலே, போனமா பிள்ளையக் கூட்டிட்டு வந்தமான்னு இருக்கணும். அங்கன நின்னு தண்ணிய நாக்குல விட்டுப் பாத்துக்கிட்டுக் கெடக்காத."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் ஏறினார். செங்கோட்டை தாண்டி மலைக்குள் வண்டி நுழைந்ததும் முதல் குகை வந்தது. இருட்டும் புகையும் காதடைப்பும் மடைக்குள் முங்கியது போலவே இருந்ததால், மனிதர் மூக்கைப் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டார். வெளிச்சம் வந்தபோது எதிரே இருந்த புகையிலை வியாபாரி அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

கொல்லத்தில் சமுத்திரம் வந்து கூட்டிப் போனான். அவர்கள் குடியிருந்தது காயல் ஓரத்தில், ஒரு வரப்பின்மேல். வரப்புக்கு ஒரு பக்கம் காயல். மறுபக்கம், இடுப்பளவு தாழ்ந்து, கதிர் வாங்கிய நெல்வயல். வரப்பு முடிகிற இடத்தில் கல்கட்டிய ஒரு வாய். அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து பலகைகள் செருகி, சந்துகளில் சேறு பூசியிருந்தது. வாய்க்கு மேலே ஒரு தென்னந்தடி கிடந்தது. அதில் நடந்துதான் தரைக்குப் போகவேண்டும். வயலுக்குச் சொந்தக்காரர், அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொள்வதற்காகவே சமுத்திரத்துக்குக் குடிசையை விட்டிருந்தார்.

மொக்கைச்சாமி மகளின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. காயலைப் பார்த்தார். அக்கரை தெரியவில்லை. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டு, உடனே துப்பினார். உப்பு. எந்த ஓடையில் வந்த தண்ணீர் என்று அவர் நாக்கு சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவர் நாக்கு ஊமையானது.

"கலுங்கு எந்தப் பக்கம் இருக்கு மாப்ள? மிஞ்சின தண்ணி வெளிய போகணும்லா?"

"கலுங்கா? நாளைக்குக் காட்டுதேன் மாமா, வாங்க" என்று சமுத்திரம் சிரித்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமனாருக்கு ஊர் காட்ட வேண்டாமா? தங்கசேரிக்குக் கூட்டிப் போனான். கலங்கரை விளக்கத்தையும் கடலரித்த பழைய கோட்டைச் சுவரையும் காட்டினான். அவர் சுவரைத்தான் பார்த்தார். இவ்வளவு தடித்த சுவரை எது தின்றது என்று அவர் கேட்கவில்லை. தின்றதுதான் எதிரே உறுமிக்கொண்டிருந்ததே. பிறகு வள்ளத்தில் நீண்டகரை வரை போனார்கள். காயல் கடலோடு சேருகிற இடம் அது. சீன வலைகள் வரிசையாகத் தலை குனிந்து நின்றன.

"இதான் நீங்க கேட்ட கலுங்கு" என்றான் சமுத்திரம்.

"அடைக்க ஆளு?"

"இத யாரு மாமா அடைக்க?"

மாப்பிள்ளை கேலிதான் செய்தான். ஆனால் மொக்கைச்சாமி அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். அத்தனை பெரிய கண்மாய். வாய் திறந்தே கிடக்கிறது. அந்தப் பக்கம் கடல். நடுவில் ஒரு தலையாரிகூட இல்லை. இதன் ஓரத்தில் தன் பிள்ளை நிறை வயிற்றோடு தூங்குகிறாள். தண்ணீரைப் பற்றி இன்னொருவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற வழக்கம் அவருக்கு இல்லை. மகளுக்கும் மாப்பிள்ளைக்குமோ, தினமும் இரண்டு தரம் நடக்கிற ஒன்றை ஒரு மடைக்காரருக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

புதன்கிழமை ரயிலுக்கு மகளைக் கூட்டிப் போவதாக முடிவானது. திங்கள் முழுக்கப் பயணத்துக்குச் சாமான் வாங்குவதில் போனதால் காயல் பக்கம் அவர் உட்காரவே இல்லை. செவ்வாய்க்கிழமை அமாவாசை. காலையில் சமுத்திரம் கம்பெனிக்குப் போய்விட்டான். முத்துப்பேச்சி கஞ்சி குடித்துவிட்டுக் குடிசைக்குள் படுத்தாள். மொக்கைச்சாமி காயல் படியில் உட்கார்ந்திருந்தார். ஏழு படிகள், தண்ணீர் அடியிலிருந்த முதல் படியில் கிடந்தது.

காலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தார். தண்ணீர் அவர் இருந்த படிக்கு வந்திருந்தது.

வானத்தைப் பார்த்தார். வெறும் நீலம். ஒரு குச்சியை ஓரத்தில் நட்டார். கண் இமைக்காமல் பார்த்தார். ஒரு விரல். பக்கத்துத் தோப்பில் யாரோ கயிற்றுக்குத் தேங்காய் மட்டை அடிக்கிற சத்தம் தப் தப்பென்று கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு விரல். தண்ணீர் சத்தமே போடவில்லை. நுரையில்லை, குப்பையில்லை, பூனை மாதிரி ஏறியது. மூன்று விரல்.

மகளை எழுப்பலாமா? நிறைமாதத்துக்காரியைத் திடுக்கிடச் செய்யக்கூடாது. சேதி சொல்லிப் பயங்காட்டக்கூடாது. அது தண்ணீர்ச் சட்டத்தைவிடப் பழைய சட்டம். ஆகவே எழுப்பவில்லை. யாரையும் கேட்கவில்லை. வயலைப் பார்த்தார்; தாழ்ந்து கிடக்கிறது. பலகைகளைப் பார்த்தார். மடை. கடவுளே, மடை ஒன்று வைத்துத்தான் இருக்கிறார்கள்!

ஓடிப்போய்ச் சேற்றைப் பிராண்டினார். முதல் பலகையைப் பிடுங்கினார். இரண்டாவதைப் பிடுங்கினார். மூன்றாவதை அவர் பிடுங்கவில்லை, தண்ணீரே பிடுங்கிக்கொண்டு போனது.

காயல் வயலுக்குள் விழுந்தது. அப்படி ஒரு சத்தத்தை அவர் பதின்மூன்று வருடம் முன்பு கேட்டிருந்தார். கதிர்கள் படுத்தன. தண்ணீர் குறையும் என்று குச்சியைத் திரும்பிப் பார்த்தார். குச்சி இருந்த இடமே தெரியவில்லை. புதுப்பட்டிக் கண்மாயாக இருந்தால் மடை திறந்தால் தண்ணீர் இறங்கும். இதுவோ திறக்கத் திறக்கப் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது. கல்கட்டின் பக்கத்து மண் துண்டு துண்டாக விழுந்தது. தென்னந்தடி நழுவி, ஒருமுறை நிமிர்ந்து, வயலுக்குள் போனது. தரைக்குப் போகிற வழி அதுதான். வரப்பு குடிசையை நோக்கி ஒவ்வொரு சாணாகக் கரைந்தது. குடிசைக்கு இருபது அடி இருந்தது, பிறகு பதினேழு.

அவர் குதித்தார். காயல் பக்கமாக, மீதியிருந்த இரண்டு பலகைகளின்மேல் உட்கார்ந்து, இரண்டு பக்கக் கல்லையும் கையால் கவ்வி, முதுகைக் கொடுத்து உடம்பாலேயே வாயை அடைத்தார். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. விலாவில் ஆணி அடிப்பது போலத் தள்ளியது.

சத்தம் கேட்டு முத்துப்பேச்சி வெளியே வந்துவிட்டாள்.

"அய்யா! அங்கன என்ன செய்யுதிய?"

"வெளிய வராத தாயீ! உள்ள போ! ஒண்ணுமில்ல, குளிக்கேன்!"

"பலகை எங்க?"

"உள்ள போங்கேம்லா ஏட்டி!"

அவள் உள்ளே போகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பு முனை வரை வந்தாள். அவள் காலடியில் ஒரு துண்டு மண் பிளந்து சரிந்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டாள். மொக்கைச்சாமி கையை விட்டால் தண்ணீர் போகும். விடாவிட்டால் மகளைப் பிடிக்கமுடியாது. கண்ணை மட்டும் அவள்மேல் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

"பரிபூரணக்கா! ஏ அக்கா!" என்று அவள் போட்ட கூப்பாட்டில் தோப்பில் மட்டை அடிக்கிற சத்தம் நின்றது.

பரிபூரணம் பக்கத்துத் தோப்பில் கயிறு திரிக்கிறவள். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்து, காயலோரம் பிழைக்கிற விதவை. ஒரு சின்ன வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பார்த்தாள். வள்ளத்தைக் குறுக்கே திருப்பி விட்டாள். தண்ணீர் தானே அதை இழுத்து வந்து, மொக்கைச்சாமியை நடுவில் வைத்து, மடைவாயில் அறைந்து நிறுத்தியது. இரைச்சல் பாதியானது.

"தலைய எடும் ஓய்! முங்கத் தெரியுமா, இல்ல சும்மா மீசைதானா?"

முங்கினார். பழைய மடைக்காரர் அப்போதுதான் திரும்பி வந்தார். வள்ளத்துக்கு அடியில் புகுந்து, அவள் எறிந்த மட்டைக் கட்டுகளை வாங்கி, சேற்றை அள்ளிச் சந்துகளை ஒவ்வொன்றாக அடைத்தார். மேலே வந்தபோது காதில் ரத்தம் வடிந்தது.

"எந்தக் கண்மாய்ம்மா ஒடைஞ்சது?" என்று கேட்டார்.

பரிபூரணம் அவரை உற்றுப் பார்த்தாள். "கண்மாயா? ஓய், இது ஏத்தம். கடல் ஏறும்போது காயலும் ஏறும், பொறவு வத்தும். தெனம் ரெண்டு தரம். அமாவாசைக்குக் கூடுதல். இங்க நண்டுக்குஞ்சுக்குத் தெரியும் இது. தண்ணி வயலுக்குள்ள வராம இருக்கத்தான் பலகை. அதப்போயி எவனாவது ஏத்தத்துல தொறப்பானா?"

மொக்கைச்சாமி காயல் படியைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் மேலே இருந்த ஏழாவது படிக்கு ஒரு படி கீழே நின்றது. செத்த நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு, யாரும் எதையும் திறக்காமல், தானாக இறங்கத் தொடங்கியது.

அவர் கரைந்த வரப்பை அளந்து பார்த்தார். குடிசைக்கு ஒன்பது அடி மிச்சம். காயல் அவர் மகளை ஒன்றும் செய்யவில்லை. அவளைக் கொல்லப் பார்த்தவை அவருடைய இரண்டு கைகள்தான்.

மத்தியானம் முத்துப்பேச்சிக்கு இடுப்பு வலித்தது. பரிபூரணம் எண்ணெய் தேய்த்து, காலைத் தூக்கி வைத்துப் படுக்கவைத்தாள். வலி அடங்கியது. ஆனால் வெளியே வந்து சொல்லிவிட்டாள்: "ரயில் கியில்னு பேசப்பிடாது. இந்த வயித்தோட ஏத்தினா குகைக்குள்ளயே பெத்துப்போடும். பிள்ளை இங்கனதான் பெறணும்."

"இந்த வரப்புலயா?"

"பின்ன, உம்ம கண்மாய்க் கரையிலயா?"

சாயங்காலம் வயல்காரரின் காரியஸ்தர் வந்தார். பாதி வயல் உப்பில் கருகிவிடும் என்றார். மீதியைக் காப்பாற்ற ஒரே வழி: வற்றும்போது பலகையைத் தூக்கி உப்புத்தண்ணீரை வடிக்கவேண்டும், ஏறும்போது மூடவேண்டும், தவறாமல் தினமும். இல்லையென்றால் குடிசையைக் காலி பண்ணு என்று சமுத்திரத்திடம் சொன்னார். எட்டு மாதக்காரியை வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான்? கம்பெனி வேலையையும் விடமுடியாது. தலை குனிந்து நின்றான். மாமனாரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அடியைவிட வலித்தது.

"நான் பாக்கேன்" என்றார் மொக்கைச்சாமி.

பார்த்தார். இருபத்தெட்டு நாள் பார்த்தார். ஏத்தம் எப்போது வரும் என்று மூன்றாம் நாளே துல்லியமாகச் சொன்னார். பரிபூரணமே அவரிடம் கேட்டுத்தான் மட்டை ஊறப்போட்டாள். ஆனால் தெரிந்துகொண்டதால் பயம் போய்விடவில்லை. ஒவ்வொரு தடவை தண்ணீர் மூன்று விரல் ஏறியபோதும் அவர் கைகள் தாமாகப் பலகையைப் பிடுங்கப் போயின. பார்த்தவர்கள் சொல்வது: கைகளைத் துண்டால் கட்டிக்கொண்டு, பலகைகளின்மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். இரவில் எப்படி இருந்தார் என்று கேட்டால், பலகையோடு சேர்த்துத் தன்னைக் கட்டிக்கொண்டு தூங்கினார் என்பார்கள்.

இருபத்தெட்டாம் நாள் மத்தியானம் முத்துப்பேச்சிக்கு வலி வந்தது. ஏத்தமும் அதே நேரத்தில் வந்தது. உள்ளே மகள் கத்தினாள். வெளியே தண்ணீர் மூன்றாம் படி, நாலாம் படி என்று ஏறியது. மொக்கைச்சாமி உள்ளே போகவில்லை. பலகையை இரண்டு கைகளாலும் கீழே அமுக்கிக்கொண்டு குந்தியிருந்தார். ஐந்தாம் படியில் தண்ணீர் வந்தபோது உள்ளே இன்னொரு குரல், புதுக்குரல், கீச்சென்று அழுதது.

பரிபூரணம் துணியில் சுற்றிய பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள். "பேத்தி, ஓய்! தாயும் நல்லாருக்கா. வந்து வாங்கும்."

அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணில் நீர் ஓடியது. கையை மட்டும் எடுக்கவில்லை.

"நீயே வச்சுக்கோம்மா," என்றார். "இன்னும் ஒரு படி ஏறும். நின்னுரட்டும், வாரேன்."