தங்கம் சிவந்த மதியம்

அன்று மழையில் கும்மிடிப்பூண்டி தடத்தில் ரயில்கள் நின்றுவிட்டன. என்னைத் திருவொற்றியூருக்குக் கூட்டிப்போக அண்ணன் பைக்கில் வந்தான். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் தகடு வெட்டுவது அவன் வேலை. நான் ராயபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. அங்கே நான் என்னதான் செய்கிறேன் என்று அதுவரை அவன் கேட்டதில்லை.

உலைக்குள் என் சிலிக்கா பொடி ஆறிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல் வர மாட்டேன் என்றேன். அண்ணன் ரெயின்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அப்டி இன்னா பாப்பா வேவுது உள்ள?"

சொன்னேன். சோப்பு மாதிரி ஒரு பொருளைத் தண்ணீரில் கரைத்தால், அது தானாகவே கண்ணுக்குத் தெரியாத குச்சிகளாக அணிவகுக்கும். அந்தக் குச்சிகளைச் சுற்றி, மணலில் இருக்கிற அதே சிலிக்கா வளரும். சுட்டால் சோப்பு எரிந்துபோகும். குச்சி இருந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். அந்தத் துளைகளுக்குள் தங்கத் துகள்களை உட்கார வைக்க மாதக்கணக்காக முயன்றுகொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். உலையைத் திறந்தால் பொடி ஊதா நிறத்தில் கிடக்கும். அப்புறம் அது எதற்கும் உதவாது. அன்று உள்ளே இருந்தது அப்படி இன்னொரு முயற்சி.

"தங்கமா? எங்க, காட்டு."

தங்க உப்பு கரைந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். வெளிர்மஞ்சளாக இருந்தது. சிட்ரேட் கரைசலை ஊற்றினேன். மஞ்சள் போய்த் தண்ணீர் தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் மை கலந்ததுபோல் கறுத்தது. பிறகு, கறுப்புக்குள்ளிருந்து சிவப்பு எழுந்துவந்து குடுவை முழுவதையும் நிறைத்தது. எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனாலும் கை மயிர் சிலிர்த்தது.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். "செவந்துட்ச்சே! தங்கம் எங்க பூட்ச்சி?"

"உள்ளதான் கீதுண்ணா. அவ்ளோ சின்னதா ஆனா தங்கம் செவப்பாதான் தெரியும்."

"நானும் தெனம் வெட்டிகினுதான் கீறேன். தூளா போனாக்கூட இரும்பு இரும்பு கலர்லதான் கீது." சொல்லிவிட்டு மறுபடி குனிந்து குடுவையையே பார்த்தான்.

உலை ஆறியது. பொடி இருந்த கிண்ணத்தின் மூடியை எடுக்கக் கை வரவில்லை. "தொறமே," என்றான் அண்ணன். திறந்தேன்.

பொடி இளஞ்சிவப்பாக இருந்தது. ஊதா துளிகூட இல்லை.

பொடி வினையூக்கியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, சோதனைக்கான வேறொரு மஞ்சள் கரைசலைக் கலந்தேன். சும்மா விட்டால் நாள் முழுக்க மஞ்சளாகவே இருக்கும்; வினையூக்கி பட்டால்தான் நிறம் போகும். அதில் ஒரு சிட்டிகை பொடியைப் போட்டேன். இருவரும் தலை முட்ட முட்டக் குனிந்து பார்த்தோம். மஞ்சள் வெளிறியது. இன்னும் வெளிறியது. கடைசியில் குழாய்த் தண்ணீர் போலத் தெளிந்து, பின்னால் இருந்த சுவரின் விரிசல் அதன் வழியே தெரிந்தது. நான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. அண்ணன் ஒன்றும் புரியாமலேயே என் தோளைத் தட்டினான்.

மேஜைமேல் இருந்த வெள்ளைப் பொடி பாட்டிலை எடுத்துப் பார்த்தான். தங்கம் ஏற்றாத சிலிக்கா அது. நாலைந்து ஸ்பூன் இருக்கும்.

"அதுல இருக்கற தொளை செவுத்தையெல்லாம் பிரிச்சிப் போட்டா, நீ பந்து ஆடப் போவியே வியாசர்பாடி கிரவுண்டு, அவ்ளோ எடம் வரும்ணா."

அவன் சிரிக்கவில்லை. பாட்டிலை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்தான். பிறகு இரண்டு கையாலும் மெதுவாக மேஜையில் வைத்தான்.

"அந்த மஞ்ச தண்ணிய இன்னொரு வாட்டி செய்."

புதுப் பொடி எடுக்கவில்லை. போட்டதையே வடிகட்டிக் கழுவி, புதிய கரைசலில் விட்டேன். மறுபடியும் மஞ்சள் போனது.

"அதே பொடியா? தேயவே இல்லியா?"

"தேயலண்ணா."

வினையூக்கி தான் செலவாகாமல் வேலை செய்யும் என்று எத்தனை பரீட்சைகளில் எழுதியிருக்கிறேன்! அந்த வாக்கியத்தின் அர்த்தம் அன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது. பிறகு என் ஆய்வேட்டின் பாதி அந்தப் பொடியைப் பற்றியதாகவே ஆனது. அன்று மட்டும் எதையும் குறித்துவைக்கத் தோன்றவில்லை. இன்னொரு குடுவையைக் கழுவினேன். அண்ணன் ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.