சண்முகண்ணன் வைத்த ஜார்

இன்று காலை கணினியில் ஒரு ஜாவா நிரல் வேலையைத் திறந்தேன். லைப்ரரி, அதாவது பிறர் எழுதித் தந்த நிரல் தொகுப்பு, ஒன்றின் இரண்டு பதிப்புகள் மோதுகின்றன, புதியதை எடுத்துக்கொண்டேன் என்று நிரலைக் கட்டும் கருவியே ஒரு வரி சொல்லிவிட்டு அதன்பாட்டுக்குப் போய்விட்டது. கையிலிருந்த டீயைக்கூட நான் கீழே வைக்கவில்லை. இதற்காகவா அன்று அந்த அழுகை அழுதேன் என்று சிரிப்பு வந்தது.

அன்று என்றால், பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறைக்கு மாடியில் இருந்த எங்கள் சின்ன அலுவலகம். படியேறும்போதே சூடான எண்ணெயும் இரும்புத்தூளும் மணக்கும். ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு, டீலர்கள் ஆர்டர் போடும் வலைத்தளம் செய்திருந்தோம். அந்த டீலர்கள் அதைப் பார்க்க வரும் நாள் அது. ஓடாவிட்டால் என் வேலை நிரந்தரமாகாது. கொடுமுடிக்குத் திரும்பி மாமாவின் மஞ்சள் மண்டியில் உட்கார வேண்டியதுதான்.

என் கணினியில் ஓடியது, சர்வரில் ஓடவில்லை. லைப்ரரியிலிருந்து நான் கூப்பிட்ட கட்டளையைச் சொல்லி, அப்படி ஒரு மெத்தடே இல்லை என்று சாதித்தது. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்றால் கோபம் வருமா வராதா? பக்கத்து மேசை ஜமீலாக்காதான் லைப்ரரிகள் கிடக்கும் ஃபோல்டரைத் திறந்து காட்டினார். ஜார் என்போம் அந்தக் கோப்புகளை. ஒரே லைப்ரரியின் ஜார், புதிது ஒன்று, பழசு ஒன்று. புதிது நான் வைத்தது. சர்வர் பழசைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பழசை எடுத்துறலாமுங்களாக்கா?" என்றேன்.

"ஐயோ கண்ணு, அது சண்முகண்ணன் வெச்சது. அவரைக் கேக்காம எடுத்தா நல்லா இருக்குமா?"

சண்முகண்ணன் வேலையை விட்டுப் பெங்களூர் போய் நாளாகியிருந்தது. இருந்தாலும் எங்கள் மரியாதை அப்படி. ஆளாளுக்குத் தங்கள் ஜாரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்போமே தவிர, அடுத்தவர் வைத்ததைத் தொட மாட்டோம்.

போன் போட்டேன். எடுத்தவுடன் ஜாரைப் பற்றிக் கேட்டுவிட முடியுமா? மகள் எந்த வகுப்பு என்பது வரை அவர் வீட்டில் ஒவ்வொருவராக விசாரித்து முடிப்பதற்குள் டீலர்களின் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது.

"அதா அம்மணி? எனக்கு முன்னால இருந்தவரு வெச்சதாச்சே, எப்படி எடுக்கறதுன்னு நானும் உட்டுப்போட்டேன். தூக்கிப் போடு!"

தூக்கினேன். சர்வரை மறுபடி கிளப்பினோம். பக்கம் திறந்தது. ஜமீலாக்கா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். நானும் தப்பித்தேன், மாமாவின் மண்டியும் தப்பித்தது.

இப்போது அப்படிக் கையால் ஜார் வைக்கும் ஃபோல்டரே இல்லை. கருவி யாரையும் கேட்பதில்லை. பெரிய நிம்மதி, பொய் சொல்ல மாட்டேன். என்ன, சண்முகண்ணனின் மகள் இப்போது எந்த வகுப்பு என்றுதான் எனக்குத் தெரியவில்லை.