பதிவுப் பெட்டியும் என் நாக்கும்

என் நாக்கு செத்து இரண்டு வருடமாகிறது. ஊரில் என் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. சிலருக்குச் சீக்கிரம் திரும்பி வரும், சிலருக்கு நாளாகும் என்றார் கோலா சிலாங்கூர் கிளினிக் டாக்டர். அவர் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்ட மூன்றாவது வகை நான்தான் போலிருக்கிறது.

இது வேறு ஒருவருக்கு வந்திருந்தால், இரண்டு நாள் உச்சுக்கொட்டிவிட்டு மறந்திருப்பார்கள். நானோ எங்கள் தோட்டத்துக் கோயிலின் அன்னதானச் சமையலுக்குப் பெரிய ஆள். எண்ணெய் மில்லில் பிட்டராக என் இளமையெல்லாம் கழிந்தது. அந்த மில்லில் இன்று என் பெயர் சொன்னால் ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனால் என் சாம்பாரைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் கிடையாது. தோட்டத்து லயன் வீடுகளை இடித்த பிறகு எல்லாரும் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டோம். கோயில் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே அங்கேயே நிற்கிறது. சாமிக்குப் படைக்கத் தனியாக எடுத்துவைத்த பிறகு, பந்திக்கான அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சாம்பாரை என்னிடம் நீட்டி, "அண்ணே, பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். நான் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடுவேன். அந்த நேரத்தில் அங்கே ஒருவரும் பேசமாட்டார்கள்.

இந்த இரண்டு வருடமாகக் கண்ணைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது, எதிரே காய் நறுக்கிக்கொண்டிருக்கும் என் மனைவியைத்தான். அவள் எனக்கு முன்பே தொட்டு வாயில் வைத்திருப்பாள். முந்தானையை இழுத்துச் செருகினால் உப்புப் போதாது. காதோரத்து முடியை ஒதுக்கினால் புளி போதாது. சும்மா இருந்தால் எல்லாம் சரி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பைச் சொல்வேன். "கையில தெய்வம் இருக்கு லா" என்பார்கள். தெய்வம் எதிரே உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்குவது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செரண்டாவில் கட்டிக்கொடுத்த என் மகள், அம்மாவின் பெயரை ஒரு சமையல் நிகழ்ச்சிக்குப் போனிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். சாட்டிலைட் டிவியில் வரும் நிகழ்ச்சி. குடும்பப் பெண்கள் வந்து சமைக்க வேண்டும், நடத்துகிற பெண் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுப்பாள். அழைப்பும் வந்தது. மனைவியைக் கோலாலம்பூருக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். படம்பிடிக்கும் இடத்துக்குள் என்னை விடவில்லை. கீழே கேண்டீனில் உட்கார்ந்து, சுடுதண்ணீருக்கும் தேத்தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு குவளையைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்தவளின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். காரில் ஏறியதும் சொன்னாள்.

"உங்களப் பத்தியும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"டிவில வரும், பாத்துக்குங்க." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

என் வயிற்றில் புளியைக் கரைத்தது. புளி என்றால் என்னவென்று மறந்துபோன எனக்கு அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. என் மனைவி கெட்டவள் இல்லை. ஆனால் எதிரே இருப்பவர் சிரித்துப் பேசிவிட்டால் போதும், மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவாள். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், கிள்ளான் போய்ச் சேருவதற்குள் என் மூல வியாதியை ஆதி முதல் அந்தம் வரை சொல்லி முடித்தவள். அப்படிப்பட்டவளை விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி, ஒரு பெண் சிரிக்கச் சிரிக்கக் கேட்டால், 'அவருக்கு ருசியே தெரியாதுங்க' என்று சொல்லாமல் விட்டிருப்பாளா? சொல்லியிருந்தால் அடுத்த திருவிழாவில் கரண்டி வேறு ஒருவன் பக்கம் நீளும். இரண்டு வருடமாக ஊரை ஏமாற்றியவன் என்ற பெயரும் கூடவே வரும்.

இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்தான். கெஞ்சிக் கேட்பதா என்று ரோஷம் வந்துவிட்டது. எனக்கு ரோஷம் எப்போதும் வேண்டாத நேரத்தில்தான் வரும்.

நிகழ்ச்சி வரும் நாளைச் சொன்னார்கள். ஆடி வெள்ளிக்கிழமை, சாயங்காலம். அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் கோயிலில் அண்டாவோடு நிற்போம். ஆகவே நிகழ்ச்சியைப் பதிந்து வைக்கிற புது டிகோடர் பெட்டிக்கு டிவி கம்பெனியில் சொல்லிவிட்டேன். "ஒன் முகம் டிவில வருது, ஒரு வாட்டி பாத்துட்டு விட்டுடறதா? எடுத்து வெச்சுக்கணும்" என்றேன். அவள் நெகிழ்ந்துபோய் அன்றைக்கு எனக்கு வாழைப்பூ வடை சுட்டுக் கொடுத்தாள். வெறும் மொறுமொறுப்பைச் சாப்பிட்டேன்.

பெட்டி வந்தது. பொருத்துகிற ஆள் அடுத்த வாரம்தான் வருவான் என்றார்கள். மில்லில் பாய்லரையே பிரித்து மாட்டியவனுக்கு ஒரு டிகோடர் மாட்ட ஆள் வேண்டுமா? கூரைமேல் டிஷ் ஏற்கெனவே இருக்கிறது. பழைய பெட்டியின் கேபிளைக் கழற்றிப் புதியதில் திருகு, கார்டைச் செருகு, பிளக்கைக் குத்து. அவ்வளவுதான். எல்லாம் முடித்துவிட்டு நான் நிமிர்வதற்குள், சுவிட்சைப் போடக்கூடாது என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்த எந்தப் பொருளும் பூசை இல்லாமல் வேலை செய்ததில்லை. வாஷிங் மெஷின், மோட்டார் சைக்கிள், அரிசி குக்கர் எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். அவள் தட்டோடு வந்தாள். சந்தனத்தைக் குழைத்து டிகோடரின் நெற்றியில் பெரிதாக ஒரு வட்டம் இட்டு, அதன் நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தாள். சூடம் காட்டினாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. டிவியில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி எழுத்துகள் வந்தன. ரிமோட்டை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். புது பேட்டரி வாங்கி வந்து போட்டேன். ரிமோட்டைத் தொடையில் தட்டினேன். பிறகு டிவியின் தலையில் தட்டினேன், அது ஒரு பாவமும் செய்யாதது. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்த கையேட்டில், எல்லாம் சரியாக நடந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாகப் போட்டிருந்தது. நடக்காதவர்களைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. "சாமி கும்பிடும்போதே முணுமுணுத்தீங்க, அதான்" என்றாள் மனைவி. நான் டிவி கம்பெனிக்குப் போன் போட்டேன்.

வெகுநேரம் பாட்டைக் கேட்கவைத்த பிறகு ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். பிளக்கைக் கழற்றி மாட்டச் சொன்னாள், கேபிளைப் பார்க்கச் சொன்னாள். கடைசியில் கேட்டாள்.

"அங்கிள், பாக்ஸ் முன்னுக்கு நடுவுல கறுப்பா பளபளன்னு ஒரு எடம் இருக்கும். ரிமோட் அது வழியாதான் வேல செய்யும். அத ஏதாச்சும் மறைச்சிருக்கா?"

"ஒண்ணும் மறைக்கலம்மா. சாமிப் பொட்டுதான் வெச்சிருக்கு."

அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "அங்கிள், அத அழிச்சிட்டு டிரை பண்ணுங்க லா."

நான் துணியை எடுத்தேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "வெச்ச பொட்ட அழிக்கிறதா? நீங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கும்போது, என் வீட்டுல, என் கையால வெச்ச குங்குமத்த அழிக்கச் சொல்றீங்களே, நல்லாருக்கா?" அவள் கண் கலங்கிவிட்டது. பெட்டியின் கண்ணைத் திறக்க வேண்டும், என் ஆயுசும் கெட்டியாக இருக்க வேண்டும். போனில் அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தாள்.

கடைசியில் என் மனைவியே ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் பெட்டியின் மேல்தகட்டில் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். பெட்டி பொட்டில்லாமல் ஒரு நொடிகூட இருக்கக்கூடாதாம். அது உறுதியான பிறகு, முன்னால் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் விரலால் வழித்து, வீணாக்காமல், என் நெற்றியில் பூசிவிட்டாள். ரிமோட்டை அழுத்தினேன். திரை ஓடிவந்து பணிந்தது. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியைத் தேடி, பதிவுக்கான சிவப்புப் புள்ளியை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் அண்டா கொதிக்கும்போது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்து மழைக்கும் சாட்டிலைட் டிவிக்கும் உள்ள பகையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தகரக் கூரையில் மழை அறைந்தபோது என் மனம் இரண்டாகப் பிரிந்தது. ஊரில் யார் வீட்டிலும் படம் தெரியாது என்று ஒரு பாதி குதித்தது. என் பெட்டியிலும் பதியாது என்று மறுபாதி அழுதது. அன்றைக்கு மனைவி முந்தானையைச் செருகியதைக்கூட நான் கவனிக்கவில்லை. அவளே எழுந்து வந்து, யாரும் பார்க்காதபோது அண்டாவில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் குளிக்கப் போனாள். நான் நனைந்த சட்டையோடு டிவி முன் உட்கார்ந்தேன். பெட்டி தன் கடமையைச் செய்திருந்தது. இதோ என் மனைவி, பச்சைப் பட்டுச் சேலையில், கணவாய் மீன் பிரட்டல் செய்கிறாள். வெங்காயம் தெளிவாக வதங்குகிறது. மசாலா தெளிவாகக் கொதிக்கிறது. நடத்துகிற பெண் அவள் தோளில் கைபோட்டு, "உங்க சமையலப் பத்தி உங்க வீட்டுக்காரரு என்ன சொல்வாரு?" என்று கேட்கிறாள். என் மனைவி வாயைத் திறக்கிறாள். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. பிறகு, சிக்னல் இல்லை என்று நீலத் திரை வந்தது. மறுபடி படம் வந்தபோது அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கணவாய் வெந்துவிட்டது.

பின்னால் ஓட்டினேன், முன்னால் ஓட்டினேன். எல்லாமே பத்திரமாகப் பதிந்திருந்தது, என்னைப் பற்றிச் சொன்னதைத் தவிர. மகளிடம் கேட்கலாம், செரண்டாவில் மழை இருந்திருக்காது. ஆனால் அவளிடம் கேட்டால், எதற்கு இவ்வளவு பதறுகிறீர்கள் என்று கேட்பாள்.

மறுநாள் காலையில் கோயில் தலைவர் போனில் கூப்பிட்டார். அவர் வீடு புஞ்சாக் ஆலாமில்.

"அண்ணே, நேத்து எங்க பக்கம் மழையே இல்ல. வீட்டுல பதிஞ்சு வெச்சிருந்தாங்க, அண்ணி சொன்னத ராத்திரி எல்லாரும் கேட்டோம் லா. இத்தன நாளா எங்ககிட்ட மறைச்சிட்டீங்களே!"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு சொட்டு நாக்குல வெச்சா, மல்லித்தூளு எந்தக் கடையில வாங்குனதுன்னு சொல்லிருவீங்களாமே! கடைய மாத்துனா அன்னிக்குச் சட்டியத் தூக்கிக்கிட்டு அந்தக் கடைக்கே போவீங்களாமே! கமிட்டியில எல்லாரும் பேசிட்டோம். தீபாவளிக்குப் பொம்பளைங்க சமையல் போட்டி வெக்கிறோம். நீங்கதான் நீதிபதி. ஒத்த ஆளு போதும்."

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. நன்றி சொல்லியிருப்பேன். அப்படியே போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். மனைவி பசியாற இடியாப்பமும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. தப்பித்தவனுக்கு வருகிற கோபம்.

"எதுக்கு அப்படி ஒரு பொய்ய அவுத்து விட்ட?"

"பொய்யா?" என்றாள். "முன்னாடி சொல்வீங்கதானே? சட்டியத் தூக்கிக்கிட்டுப் போய்ச் சண்ட போட்டீங்களா இல்லியா?"

போட்டிருக்கிறேன். ஒருமுறையல்ல.

"அந்தப் பொண்ணு, வீட்டுக்காரரு ஒங்க சமையலப் பத்தி என்ன சொல்வாருன்னு கேட்டுச்சு. நீங்க ஏதாச்சும் சொல்லித்தான் ரெண்டு வருசமாச்சே. என்னத்தச் சொல்றது? பழச எடுத்துச் சொன்னேன். சொல்லும்போதே அழுக வந்துருச்சு. அது சிரிப்புன்னு நெனச்சுக்கிட்டாங்க."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு வருடமாக என் நாக்கு போனதைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இவள் தினமும் தானே சமைத்து, தானே ருசி பார்த்து, நன்றாக இருக்கிறதா என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். இடியாப்பத்தைக் குழம்பில் பிசைந்து வாயில் வைத்தேன். சூடு தெரிந்தது. மிளகாயின் எரிச்சல் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"கொழம்பு பிரமாதமா இருக்கு" என்றேன்.

"பொய்."

"பொய்தான்."

அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

"பரவால்ல," என்றாள், "இன்னொரு வாட்டி சொல்லுங்க."