மயக்க மருந்துக்கு முன் அம்மா சொன்னது

என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவராக இருந்த சமயம் அது. பித்தப்பையில் கல் இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், நகரி பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து திருப்பதிக்குப் போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். துணைக்கு அம்மா மட்டும்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டார். "அதெல்லாம் இல்லைங்க" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சீக்கிரம் வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். அவரும் எழுதிக்கொண்டு கதவு வரை போய்விட்டார்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"என் தம்பி ஒருத்தன் இருந்தான் டாக்டரம்மா. காலு ஒடிஞ்சிதுன்னு ஆபரேஷனுக்கு இட்டுக்கினு போனோம். மயக்க மருந்து குடுத்ததும் ஒடம்பு நெருப்பா கொதிச்சி, கட்டையாட்டம் வெறைச்சி, பூட்டான். நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா காய்ச்சலில் போனார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

டாக்டரம்மா திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மீ தப்பு லேதம்மா, உங்க தப்பு இல்ல. உங்க கையெழுத்தால அவர் போகல. சில குடும்பத்துல சில மயக்க மருந்து ஆகாது. பிறப்பிலேயே வர்றது அது. நீங்க இப்ப சொன்னதுதான் உங்க பொண்ணைக் காப்பாத்தப்போகுது" என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதாள். இத்தனை வருஷமும் தம்பியைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்திருக்கிறாள்!

இரண்டு நாள் தள்ளிப்போட்டு, எனக்கு ஆபத்தில்லாத வேறு மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். நான் கண் விழித்தபோது அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜில்லுனு கீது" என்று நர்சிடம் சொல்லிச் சிரித்தாள்.

இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முன்பெல்லாம் தொடைச் சதையை வெட்டியெடுத்துத்தான் பார்ப்பார்களாம். எங்களுக்கு ரத்தம் மட்டும் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். எனக்கும் அம்மாவுக்கும் இருப்பதாக வந்தது. நல்லவேளை, என் மகளுக்கு இல்லை.

மாமா எப்படிப் போனார் என்பது இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அதை மறைக்காமல் சொல்வதும் அவர்களுக்கு ஒரு காவல்தான் என்று எனக்குப் புரியவைத்தது, அம்மா தன் பழியைத் தானே சொல்லத் துணிந்த அந்த ஒரு நிமிஷம்.