ஆயுத பூசைக்குக் கழுவிய குழாய்கள்

ஆயுத பூசையன்று காலையில் எங்கள் வீட்டில் எந்த நிறத்துக்கும் இடமில்லை. ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவது அப்பாவின் தொழில். ஆண்டு முழுவதும் அவருடைய நகக்கண்ணில் ஏதாவதொரு நிறம் இருக்கும். முற்றத்துச் சிமெண்டுத் தரையில் இருக்கும். சில சமயம் அம்மா உலர்த்தும் துணியிலும் இருக்கும், அதன் பொருட்டு ஒரு சண்டையும் இருக்கும். அந்த ஒரு நாள் மட்டும் தொட்டி, நூலைத் திருப்பும் கோல், தராசுத் தட்டு, சாயத்தூள் அள்ளும் கரண்டி என எல்லாவற்றின் மீதும் சலவைச் சோடா கலந்த நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தேய்த்து, பழைய சாயத்தின் சுவடே இல்லாமல் பலகையில் வைத்துவிட வேண்டும். இதில் பக்தி பாதி, தொழில் பாதி. முந்தைய வண்ணத்தின் ஒரு துளி தங்கினாலும் அடுத்து இறங்கும் நூல் கெட்டுப்போகும் என்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே நான் அறிந்திருந்தேன். “போன வருசத்து சாயம் ஒரு பொட்டு ஒட்டிகினு இருந்தாலும் சாமி ஏத்துக்காது” என்பார் அப்பா. சாமியைவிட அவரே கண்டிப்பானவர் என்பதால் நாங்கள் ஒழுங்காகத் தேய்த்தோம்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டில், பூசைக்கு முதல் நாள் காலை அத்தை ஊருக்கு வந்தார். அப்பாவின் தங்கை அவர். இராமேசுவரத்துப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் தங்கி, பவளப்பாறைகளின் மேல் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். கடலையே பார்த்திராத எங்கள் குடும்பத்தில் இதை ஊராருக்கு விளக்கும் பொறுப்பைப் பெரியப்பா ஏற்றிருந்தார். “கடல்ல முழுகி கல்லைப் பாத்துகினு கீறா. கவர்மெண்டு அதுக்குக் காசு குடுக்குது” என்பதோடு அந்த விளக்கம் முடிந்துவிடும்.

அத்தை ஒரு தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்தபடியே மூன்று பேருந்துகள் மாறி வந்திருந்தார். உள்ளே மீன் என்று எண்ணி நடத்துநர் பெட்டியைக் கூரை மேல் போடச் சொன்னாராம். மீன் இல்லை, கிருமி என்று அத்தை உண்மையைச் சொன்னதும் பக்கத்து இருக்கை காலியாகிவிட்டதாம்.

வீட்டிலும் அந்தப் பெட்டிக்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை. “தோசை மாவு பக்கத்துல கிருமியா? பச்சக் கொழந்தை கீற வூடு” என்று அம்மா ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டார். தம்பிக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை.

“இது மனுசனை ஒன்னும் செய்யாது அண்ணி. பவளத்துக்குத் தோஸ்த்து இது.”

“அதுக்குத் தோஸ்த்துன்னா அதுங்கூடவே இருக்க வேண்டியதுதானே? இங்க இன்னா வேலை?”

கடைசியில் காய்கறி வைக்கும் கீழ்த்தட்டு காலியானது. தக்காளிகள் கூடையில் வெளியே வந்தன. விரல் நீளக் கண்ணாடிக் குழாய்கள் நாற்பத்தொன்று உள்ளே போயின.

அன்று மாலை அத்தை அவற்றை எனக்குக் காட்டினார். ஒவ்வொன்றினுள்ளும் கடற்பாசியில் செய்த கூழ் சரிவாக உறைந்திருந்தது. அந்தச் சரிவின் மேல் யாரோ விரலால் இழுத்தது போல ஒரு தீற்றல்; அதுதான் அத்தை வளர்த்த நுண்ணுயிர். பெரும்பாலும் தந்த நிறம்; சில கடுகு மஞ்சள்; ஒன்று மட்டும் மங்கிய இளஞ்சிவப்பு. அது எங்கள் வீட்டில் வெங்காயக் கலர் எனப்படும் என்று நான் சொன்னதும் அத்தை தன் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். ஆராய்ச்சிக்கு என் பங்கு அது என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பவளம் கல்லல்ல, உயிருள்ள பிராணி என்றார். அதன் நிறம் அதனுடையதல்ல. உடலுக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசியினுடையது. அந்தப் பாசிதான் அதற்குச் சோறும் போடுகிறது. மேலே படர்ந்த வழவழப்பில் வேறு நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றுள் சில நோயைத் தடுக்கின்றனவா, சூட்டைத் தாங்கப் பவளத்துக்கு உதவுகின்றனவா என்பதுதான் தன் கேள்வி. அந்தக் கோடையில் கடல் சூடேறியபோது பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிட்டதாம்.

“வெளுத்தா நல்லதுதானே அத்தை? அப்பதானே சாயம் நல்லா புடிக்கும்?”

சாயக்காரர் மகளுக்கு அது நியாயமான ஐயம். அத்தை சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். “வெளுத்தா பசின்னு அர்த்தம், கண்ணு” என்றார். “ரொம்ப நாள் பசி தாங்காது. மாசி மாசம் ஒரு தீவுக்குப் பக்கத்துல இதெல்லாம் எடுத்தேன். ஆடியில போய்ப் பாத்தா அங்க ஒரு பவளம்கூட உசுரோட இல்ல. மேல வேற பாசி ஏறிகினு கெடக்குது. இன்னொரு செட்டு ஆய்வகத்துல வெச்சிருந்தேன். கரண்டு போய் அதுவும் கெட்டுப்போச்சு. இப்ப இது மட்டும்தான்.” பூசை முடிந்த மறுநாள் குழாய்களைச் சென்னைக்குக் கொண்டுபோய், காலத்துக்கும் கெடாமல் உறைய வைக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார்.

நான் எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டதைத் திரும்பச் சொல்லவும் முடிந்திருக்கும். கேட்பதும் அறிவதும் ஒன்றென்று அப்போது நினைத்திருந்தேன்.

இருட்டுவதற்குள், பக்கத்து வீட்டில் தறி வைத்திருந்த பெரியப்பா வந்து அத்தையைச் சீண்டினார். “இன்னாம்மா, நாளைக்கு உன் ஆயுதம் இன்னா வெப்ப? துடுப்பா, வலையா?”

“என் ஆயுதம்லாம் ஃப்ரிட்ஜ்ல கீது பெரியண்ணா, தக்காளிக்குப் பதிலா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் ஒன்று உறுத்தியது. பூசைப் பலகையில் பெரியப்பாவின் தறியில் ஓடும் நாடா இருக்கும், அம்மாவின் அரிவாள்மணை இருக்கும், என் கணக்குப் புத்தகம்கூட இருக்கும். அத்தைக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவருடைய வேலையை வீட்டில் யாரும் வேலையாகவே எண்ணவில்லை என்பதை ஒரு குழந்தைக்கே உரிய கூர்மையோடு நான் கவனித்திருந்தேன். அந்த அநீதியை மறுநாள் நானே சரிசெய்வதென்று முடிவு செய்தேன்.

பூசையன்று காலை, குழாய்களோடு ஒப்படைக்க வேண்டிய பட்டியலை அச்செடுக்க அத்தை பேருந்து நிலையத்துப் பக்கம் போனார். எந்த எண்ணில் எந்த உயிர், எங்கே, எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்ற விவரம் அது. முற்றத்தில் அப்பா பெரிய தொட்டியோடு போராடிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அத்தை ஆயுதத்தையும் கழுவி வெக்கட்டா?”

“வெய்யி, வெய்யி. மக்ல மோந்து ஊத்து. கையை சுட்டுக்காத” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

முதல் குழாயில் கொதிநீர் பட்டதும் கண்ணாடி விரிசல் விட்டது. உள்ளிருந்த கூழ் நீரோடு சாக்கடைக்குப் போனது. பொறுப்பான பெண் என்று பெயரெடுத்தவள் நான். ஒரு தவறிலிருந்து கற்றுக்கொள்ளத் தெரியும். மீதி நாற்பதையும் குளிர் நீங்கும்வரை வெயிலில் அடுக்கி வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக ஊற்றினேன். கூழ் இளகி வழுக்கிக்கொண்டு வந்தது. தம்பியின் பால் புட்டி பிரஷ்ஷால் அடிவரை தேய்த்தேன். மூடிகளைச் சோடா நீரில் ஊறப்போட்டேன். கண்ணாடி மேல் அத்தை எழுதியிருந்த எண்களைத் தேங்காய் நாரால் அழித்தேன். பழையது எதுவும் இருக்கக் கூடாதல்லவா? வெங்காயக் கலர் குழாயைக் கழுவ மட்டும் மனமில்லாமல் கடைசிவரை வைத்திருந்தேன். பிறகு, ஒன்றை மட்டும் விட்டால் சாமி ஏற்காது என்று அதையும் கழுவினேன்.

அத்தை திரும்பி வந்தபோது பலகை நிறைந்திருந்தது. சாயத் தொட்டிக்கும் அரிவாள்மணைக்கும் நடுவே, எவர்சில்வர் டம்ளர்களில் நிறுத்திய நாற்பது குழாய்கள் சந்தனமும் குங்குமமும் இட்டு மின்னின. விளக்கின் சுடர் ஒவ்வொன்றிலும் தெரிந்தது. அதைவிட அழகான பூசை எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை.

“ஒன்னே ஒன்னுதான் அத்தை விரிசல் வுட்டுச்சு. மத்ததுல ஒரு பொட்டு இல்ல, பாரு.”

அத்தை ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். ஆறேழு குழாய்களை அப்படிப் பார்த்திருப்பார். எல்லாவற்றிலும் அதே வெளிச்சம்தான்.

“ஊத்துனது எங்கடீ?”

நான் சாக்கடை வாயைக் காட்டினேன். அங்கே சோடா நீர் ஊதாவும் பச்சையுமாக ஆவி பறக்கப் போய்க்கொண்டிருந்தது. அத்தை குந்தி அமர்ந்து அதில் கையை விட்டார். சுட்டிருக்க வேண்டும், எடுக்கவில்லை. அம்மாதான் ஓடிவந்து கையை இழுத்தார். “இன்னா ஆச்சு? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?”

அத்தை அழுதபடியே சொன்னார். அப்பா கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, “சரி வுடும்மா. நாளைக்கே ஜல்தியா கெளம்பி போய் வேற எட்துகினு வந்துடலாம். நானும் கூட வர்றேன்” என்றார்.

“எங்கருந்துண்ணா?”

“கடல்லருந்துதான்.”

“அங்க இல்லண்ணா. அந்த எடத்துல பவளமே இல்ல. இதுல இருந்ததுதான் கடைசி.”

“கிருமிக்கா இந்த அழுவ?” என்றார் பெரியப்பா. “எங்கூட்டுத் தறிக்குழிய தோண்டுனா கோடி கெடைக்கும்.” யாரும் சிரிக்காததால் அவருக்கே பேஜாராகிவிட்டது. கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

குழாய்களை எடுத்துவிடட்டுமா என்று அப்பா கேட்டார். “இருக்கட்டும்ணா. கொழந்தை பாத்துகினு கீது” என்றார் அத்தை. கற்பூரம் காட்டியபோது கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த ஈரக் கையால் என் தலையைத் தொட்டு, “நல்லா கழுவியிருக்க கண்ணு” என்றார். அவர் அழுததெல்லாம் அந்த விரிசல் விட்ட குழாய்க்காகத்தான் என்று நான் நினைத்தேன். ஒன்றுக்கே இவ்வளவு அழுகிறாரே, இன்னும் இரண்டு உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பயந்தேன்.

மறுநாள் காலை அத்தை என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். “அந்த பிரஷ்ஷ கழுவாத. அப்டியே குடு. எதாவது ஒட்டிகினு இருந்தா வளத்துப் பாக்கறேன்.” அதைச் சுத்தமான துணியில் சுற்றி, நாற்பத்தொரு குழாய்கள் வந்த பெட்டியில் பனிக்கட்டிகளுக்கு நடுவே தனியாகப் படுக்கவைத்தார். சென்னைக்குப் போகவில்லை; வந்த வழியே திரும்பிப் போனார்.

நான் இப்போது சூழலியல் படித்துப் பட்டம் பெற்றவள். ஒரு செயலின் விளைவை எத்தனை பேருக்கு எவ்வளவு பங்கிட வேண்டும் என்று கட்டுரை எழுதக் கற்றிருக்கிறேன். கடலைச் சூடாக்கியவர்கள் யாரும் எங்கள் முற்றத்தில் இல்லை. அவர்கள் சூடாக்கியிராவிட்டால் அந்தக் குழாய்கள் வெறும் குழாய்களாக இருந்திருக்கும். கழுவியதற்கு ஒரு திட்டு, மறுபடியும் ஒரு படகுப் பயணம், அவ்வளவுதான். மின்வெட்டுக்கு ஒரு பங்கு, திரும்பிப் பார்க்காத அப்பாவுக்கு ஒரு பங்கு, அத்தையின் வேடிக்கைப் பேச்சுக்கு ஒரு பங்கு என்று நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எல்லாம் சரியாகவே வருகிறது. எவ்வளவு நேர்மையாகப் பிரித்தாலும் குழாய்கள் காலியாகத்தான் இருக்கின்றன. அத்தை அந்த ஆய்வை முடிக்கவில்லை. வந்தவாசியில் ஒரு பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறார். பவளத்தைக் காக்கக்கூடிய ஏதாவது அந்த நாற்பத்தொன்றில் இருந்ததா என்று ஒருமுறை கேட்டேன். “அநேகமா இருந்திருக்காது” என்றார். அந்த ‘அநேகமா’வைச் சோதித்துப் பார்க்க இனி ஒருவராலும் முடியாது. அதன் பிறகு அந்தக் கடல் மறுபடியும் சூடேறியிருக்கிறது.

பூசை முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அத்தையிடமிருந்து ஃபோன் வந்தது. அந்த நாட்களில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தக்காளியைத் திரும்ப வைக்கவில்லை. நான்தான் ஃபோனை எடுத்தேன்.

“பிரஷ்லருந்து வளந்துச்சா அத்தை?”

“வளந்திருக்குடீ. நெறைய வளந்திருக்கு.” பிறகு, “கடல்து ஒன்னும் இல்ல. எல்லாம் நம்ம வூட்டுது. நம்ம ஊர்துதான்” என்றார்.

நான் அதற்குள் கத்திவிட்டேன். “வளந்துடுச்சாம்! நெறைய வளந்துடுச்சாம்!”

அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அப்பா முற்றத்துத் தரையிலேயே உட்கார்ந்து, இத்தனை நாள் அடக்கிய மூச்சை வெளியே விட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது. “அன்னிக்கே சொன்னேனே, கிருமி எங்க போவும்னு! எல்லாரும் என்னை மொறைச்சீங்களே!” என்றார் பெரியப்பா. எங்கள் சத்தத்தில் தம்பி விழித்துக்கொண்டு காரணம் தெரியாமல் சிரித்தான்.

“நம்ம ஊர்துன்னா இன்னும் நல்லதுதானே அத்தை?” என்று கேட்டேன்.

“ஆமா கண்ணு. அப்பாவை சாப்புட சொல்லு” என்றார்.

நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசி முடிக்கும்வரை அவர் ஃபோனை வைக்கவில்லை. எதையும் திருத்தவும் இல்லை. திருத்துவதற்கு அதில் ஏதோ இருந்தது என்பதே எனக்கு அப்போது தெரியாது.