வாழைப்பழ வாசம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குளவி என்று சொல்லும் மலைத்தேனீயின் கொடுக்கை ஆய்வுகூடத்தில் பிரித்தபோது, பழுத்த வாழைப்பழ வாசம் எழுந்தது. கொட்டிய இடத்துக்கு மற்றத் தேனீக்களை அழைக்கும் வாசம் அது.

றக்வானையில், எனக்கு ஆறு வயதில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து முகம் வீங்கி வந்த அம்மாவிடம் அதே வாசம் அடித்தது. பக்கத்து வீட்டுச் செல்வி அத்தை அம்மாவின் கழுத்திலிருந்து கொடுக்குகளைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வாழப்பழம் இல்லையாம்மா?" என்று அழுதேன்.

"அம்மா குளவி கொட்டி சாகக் கெடக்கா, ஒனக்குப் பழம் கேக்குதாடி?" என்றார் அத்தை.

வீங்கிய உதட்டோடு அம்மா சிரித்துவிட்டார்.

ஆய்வுகூடத்தில் கொடுக்கு இருந்த குப்பியை மூடிவிட்டு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். இன்னும் கொழுந்துதான் பறிக்கிறார்.

"இன்னைக்கு எந்த மலைம்மா?"

"குளவிக்கூடு இருக்கிற மலதான். பயப்படாத புள்ள, இன்னைக்குப் பழம் இல்ல."